மூக்கைக் கழுவும் உப்புநீர்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம்?

சித்திரை கழிந்து கச்சான் காற்று எழத் தொடங்கினால், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மூக்கடைப்பு, விடாத தும்மல், நெற்றிப் பாரம், தொண்டைக்குள் இறங்கும் சளி என்று கிளினிக்குக்கு வருபவர்களின் தொகை கூடிவிடும். மாரியில் தடிமனோடு தொடங்கும் தொல்லை ஒரு வகை. அறுவடைக் காலத்து நெல்தூசியும், அரிசி ஆலைகளின் உமித்தூசியும், மருதமுனைத் தறிகளில் பறக்கும் நூல்தூசியும், பொழுதுபட்டால் வளவுக்குள் எரிக்கும் குப்பைப் புகையும், படுக்கையறைக்குள் வைக்கும் நுளம்புச்சுருளும் கிளப்பிவிடும் தொல்லை இன்னொரு வகை. எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் பீனிசம் என்பதே. இவர்களுள் பெரும்பாலானோருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறையைத்தான்.

அண்மைக் காலமாக அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே பலரிடம் இருப்பதில்லை. கைத்தொலைபேசியில் காணொளி பார்த்தோ, யோகாசன வகுப்பில் மூக்கினுள் நீர்விட்டுக் கழுவும் ஜலநேத்தி பழகியோ, பாமசியில் போத்தல் வாங்கியோ ஏற்கெனவே கழுவத் தொடங்கியிருக்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்கும்போது கிடைக்கும் பதில்கள் என்னைக் கலங்க வைக்கின்றன. இக்கட்டுரையை எழுதத் தூண்டியவை அந்தப் பதில்களே.

முதலில், கழுவுவதால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கன்னம், நெற்றி, கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் பின்புற ஆழம் ஆகிய இடங்களில் எலும்புக்குள் நான்கு சோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரும் மூக்கின் உட்சுவரும் சளி சுரக்கும் மென்சவ்வால் மூடப்பட்டவை. அந்தச் சவ்வின் மீதுள்ள நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாமும் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். கன்ன அறையின் வாசல் அதன் அடியில் இல்லை, மேற்பகுதியில் இருக்கிறது. ஆகையால் அங்கே தேங்கும் சளி தானாக வடிந்துவிடாது. நுண்மயிர்கள்தாம் அதை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். தடிமனாலோ ஒவ்வாமையாலோ சவ்வு வீங்கி வாசல் அடைபடும்போதும், சளி கெட்டியாகி நுண்மயிர்கள் ஓய்ந்துவிடும்போதும் பீனிசம் உருவாகிறது. உப்புநீர் அந்தக் கெட்டிச் சளியையும் தூசியையும் ஒவ்வாமை உண்டாக்கும் துகள்களையும் அள்ளிக்கொண்டு வெளியேறி, சவ்வை ஈரமாக்கி, நுண்மயிர்கள் மீண்டும் தம் வேலையைச் செய்ய இடம் கொடுக்கிறது. சத்திரசிகிச்சை செய்யப்படாத ஒருவருக்கு இந்த நீர் காற்றறைகளின் உள்ளே பெரிதாகச் செல்வதில்லை. மூக்கின் வழியையும் அறைவாசல்களின் சுற்றுப்புறத்தையும் துப்புரவாக்குவதே அதன் பணி. அதனாலேயே, ஒரே தடவை கழுவிவிட்டுத் தலைப்பாரம் முழுவதும் இறங்கவில்லையே என்று கைவிடுவது சரியன்று. நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைகளாகச் சில வாரங்கள் செய்தால்தான் பலன் தெரியும்.

பலன் எவ்வளவு என்பதிலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாட்பட்ட பீனிசம் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2016இலும், ஒவ்வாமை மூக்கழற்சி பற்றி அதே அமைப்பு 2018இலும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புகள், உப்புநீர்க் கழுவலால் நோயாளர் உணரும் தொல்லை குறையக்கூடும் என்றே சொல்கின்றன. சான்றுகளின் தரம் உயர்ந்ததல்ல என்றும் அவை சேர்த்தே சொல்கின்றன. நாட்பட்ட பீனிசத்தில், ஒரு தடவைக்கு 150 மில்லிலீற்றர் அளவில் தாராளமாகக் கழுவியவர்களுக்குப் பலன் கிடைத்தது. 5 மில்லிலீற்றர் அளவை ஆவித்தூறலாகப் பெற்றவர்களிடம் அப்படிப்பட்ட பலன் காணப்படவில்லை. என் நோயாளரிடம் நான் காண்பதும் இதுவே. நான்கு சொட்டு விட்டுவிட்டு உறிஞ்சுபவருக்குக் கிடைக்கும் சுகம் கொஞ்சம்தான்.

இனித் தண்ணீர். "குடிக்கிற தண்ணிதானே டொக்டர், மூக்குக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். குடிக்கும் நீரில் உள்ள பல நுண்ணுயிர்களை இரைப்பையின் அமிலம் அழித்துவிடுகிறது. மூக்கில் அமிலம் இல்லை; மூக்கின் கூரையில் மணமறியும் நரம்புகள் மெல்லிய எலும்புத்தட்டின் துளைகளினூடாக நேரே மூளைக்குச் செல்கின்றன. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அதை விழுங்கினால் நோய் வருவதில்லை. மூக்கினூடாக மேலேறினால் அந்த நரம்பு வழியே மூளையை அடைந்து, மிகக் கொடிய மூளையழற்சியை உண்டாக்கிவிடும். அமெரிக்காவில் 1962 முதல் பதிவானவர்களுள் உயிர் தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 2011இல் அந்நாட்டின் லூசியானா மாநிலத்தில் இறந்த இருவர், குழாய் நீரைக் கொதிக்க வைக்காமல் நேத்திப் பாத்திரத்தில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். நம்மைப் போலவே வெயிலும் குளமும் கிணறும் நிறைந்த கேரளத்தில் 2024இலும் 2025இலும் இந்நோய் உயிர்களைப் பறித்தது. இது மிக அரிதான நோய்தான். கிணற்றில் குளிப்பதற்கே அஞ்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் இருமுறை, வேண்டுமென்றே, மூக்கின் உச்சிவரை நீரைச் செலுத்தும் ஒருவர் அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. மேலும், அமீபாவை விட்டுவிட்டாலும், சூடோமோனாஸ் போன்ற நீர்வாழ் பற்றீரியாக்கள் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் காற்றறைகளில் குடியேறிப் பீனிசத்தையே முற்றச் செய்யக்கூடும்.

நமது கரையோரக் கிணறுகள் மணற்பாங்கான நிலத்தில் ஆழமின்றி வெட்டப்பட்டவை. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே சிறு வளவுக்குள் இருப்பதும், மாரி வெள்ளம் இரண்டையும் மூடிப் பாய்வதும் நமக்குப் புதிதல்ல. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வரும் வீடுகளிலும், அது கூரைமேல் தாங்கியில் நாட்கணக்கில் வெயிலில் கிடந்து குளோரினை இழந்த பின்னரே குழாயில் இறங்குகிறது. கடையில் வாங்கும் போத்தல் தண்ணீரும், ஆர்.ஓ. வடிகட்டியில் பிடிக்கும் தண்ணீரும் குடிப்பதற்கு உரியவை. கிருமி முற்றாக நீக்கப்பட்டவை என்று அவற்றைக் கொள்ளக்கூடாது. எல்லாவற்றையும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். கொதித்துக் குமிழி பொங்கத் தொடங்கிய பின் முழுதாக ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்; மூடியபடியே ஆறட்டும்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கழுவுகிறேன் என்று உறுதியாகச் சொல்பவரிடம், செய்வதைப் படிப்படியாகச் சொல்லுங்கள் என்று கேட்டுப்பாருங்கள். தேநீருக்காகப் பிளாஸ்கில் ஊற்றிவைத்த சுடுநீரில் பாதிக் கோப்பை எடுப்பார். சூடு தாங்காது என்பதால் மீதிப் பாதிக்கு வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரைக் கலப்பார். கலந்த அந்த நொடியிலேயே கொதிக்க வைத்ததன் பயன் போய்விடுகிறது. காலையில் கழுவ வேண்டிய நீரை முந்திய இரவே கொதிக்க வைத்து, மூடியுள்ள சுத்தமான போத்தலில் ஊற்றிவையுங்கள். சூடு வேண்டுமானால், ஆறிய கொதிநீரோடு சூடான கொதிநீரைச் சேர்த்துக்கொள்ளலாம். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்ததைக் கொட்டிவிடுங்கள். பாமசியில் கிடைக்கும் 0.9 வீத சேலைன் போத்தலுக்கும், திறந்த பின் இதே கணக்குத்தான்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலிருந்து வரும் முஸ்லிம் சகோதரர்கள், தொழுகைக்கு முன் செய்யும் வுழூ என்னும் கழுவலின்போது மூக்கினுள் நீர் செலுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். பாகிஸ்தானின் கராச்சி நகரில் இந்த அமீபா நோய்க்கு ஆளானவர்களுள், நீரில் விளையாடியோ நீந்தியோ இராமல், வீட்டுக் குழாய் நீரில் வுழூச் செய்தவர்களும் இருந்தார்கள். பள்ளிவாசலின் ஹவுழ் என்னும் நீர்த்தொட்டியையும் தாங்கிகளையும் ஒழுங்காகத் துப்புரவு செய்து குளோரின் இடுவதும், நீரை மூக்கின் முன்பகுதியளவில் கொண்டு வேகமாக மேலே உறிஞ்சாதிருப்பதும் ஆபத்தை மிகவும் குறைக்கும். மார்க்க விளக்கத்தை உலமாக்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பு காலத்தில் சிகிச்சைக்காகக் கழுவுபவர்கள், நீர் தொண்டைக்குள் இறங்க வாய்ப்பிருப்பதால், ஸஹர் நேரம் முடிவதற்கு முன்பும் நோன்பு துறந்த பின்பும் அதை வைத்துக்கொள்ளலாம்.

உப்பின் அளவுக்கு வருவோம். வெறும் தண்ணீர் மூக்கை எரிக்கும், சவ்வை ஊதச் செய்யும். நம் உடல்நீருக்கு ஒத்த உப்புச்செறிவு 0.9 வீதம், அதாவது ஒரு லீற்றருக்கு 9 கிராம். தலைதட்டி வழித்த தேக்கரண்டியில் தூளுப்பு ஒன்றரைக் கரண்டி ஏறத்தாழ அந்த அளவு வரும். அதனுடன் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்தால் எரிவு குறையும், சளியும் இளகும். அயடீன் சேர்க்காத உப்பு கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டு உப்பையே பயன்படுத்தலாம், எரிவு ஏற்படுகிறவர்கள் பாமசிப் பொட்டலத்துக்கு மாறலாம். கலந்த நீரை நாவில் வைத்தால் கண்ணீரளவு உப்புக் கரிக்க வேண்டும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் கடலில் முங்கி மூக்கைக் கழுவுவது பீனிசத்துக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடல்நீரின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம்; நமக்கு வேண்டியதைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வாவி நீரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஊரின் கழிவு வடிந்து சேரும் இடம் அது.

கழுவும்போது கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தொட்டியின் மேல் முன்பக்கமாகக் குனிந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேற்பக்க நாசியில் போத்தலின் வாயை வைத்து மெதுவாக அழுத்தினால் நீர் மறுநாசியால் வழியும். பாதி முடிந்ததும் தலையை மறுபக்கம் சரித்துக்கொள்ளுங்கள். போத்தல் இல்லாதவர்கள் ஊசி பொருத்தாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சைப் பயன்படுத்தலாம். பலமாகப் பீய்ச்சுவதும், கழுவியவுடன் ஒரு நாசியை இறுக அடைத்துக்கொண்டு சீறுவதும் நீரைக் காதுக்குழாய்ப் பக்கம் தள்ளிக் காதுவலியைத் தேடித்தரும். இரு நாசிகளையும் திறந்தபடி மென்மையாகச் சீறி, சற்று நேரம் குனிந்திருந்தால் எஞ்சிய நீர் வடிந்துவிடும். படுக்கப் போகும் கணத்தில் கழுவ வேண்டாம்.

ஒருமுறை ஒரு தாயார், கழுவத் தொடங்கிய பின்தான் பிள்ளைக்குச் சளி பச்சையாகிறது என்று சொல்லி, பாவித்த போத்தலையும் எடுத்து வந்திருந்தார். மூடியைக் கழற்றி உள்ளே போகும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அதன் உட்புறம் முழுவதும் கரும்படலமும் வழுவழுப்பும் படிந்திருந்தன. குளியலறை மூலையில், மிச்ச நீரோடு, மூடியபடி நின்ற போத்தல் அது. ஒவ்வொரு தடவையும் மிச்சத்தைக் கொட்டி, பகுதி பகுதியாகக் கழற்றிச் சவர்க்காரமும் கொதித்தாறிய நீரும் கொண்டு கழுவி, காற்றில் நன்றாக உலரவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று வேண்டும்.

மூக்கிற்கு ஸ்ரீரொயிட் ஸ்ப்ரே தரப்பட்டவர்கள் முதலில் கழுவி, கால் மணித்தியாலம் கழித்து ஸ்ப்ரேயை அடிக்க வேண்டும். வரிசை மாறினால் மருந்து தண்ணீரோடு போய்விடும். சைலோமெற்றசோலின், ஒக்ஸிமெற்றசோலின் போன்ற அடைப்பு நீக்கும் சொட்டுமருந்துகளைத் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விடுபவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. சில நாட்களுக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஐந்து நாட்களோடு நிறுத்திவிடுங்கள். பச்சைச் சளி கண்டவுடன் நுண்ணுயிர்கொல்லிக் குளிசை கேட்பதும் தேவையற்றது. தடிமனோடு வரும் பீனிசம் பெரும்பாலும் வைரசால் வருவது, தானாக ஆறுவது. பச்சிளங் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் அழற்சியை உண்டாக்கும். குழந்தைக்குச் சேலைன் சில சொட்டுகள் போதும்.

தலையிடி எல்லாம் பீனிசத் தலையிடியும் அல்ல. தமக்குப் பீனிசத் தலையிடி என்று நம்பிய ஏறத்தாழ 3000 பேரைப் பரிசோதித்து 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 88 பேரிடம் காணப்பட்டவை ஒற்றைத் தலையிடியின் குறிகள். மூக்கில் அடைப்பும் கெட்டிச் சளியும் இல்லாமல், வெளிச்சமும் சத்தமும் தாங்காத தலையிடி மட்டும் வந்துபோனால், ஆண்டுக்கணக்கில் மூக்கைக் கழுவியும் அது தீராது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டிப்பது அல்லது மங்குவது, கடும் காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, தடுமாறிய பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவரின் மூக்கில் கரும்பொருக்கு கண்டாலும் அப்படியே. ஒரு நாசியில் மட்டும் இரத்தமோ நாற்றமுள்ள சளியோ வந்தால் கழுவிக் காலம் கடத்தாதீர்கள். மேற்பல்லின் சொத்தையோ கட்டியோ காரணமாக இருக்கலாம். சிறுபிள்ளைக்கு ஒரு நாசியில் மட்டும் நாற்றச் சளி வடிந்தால், உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொம்மையில் போடும் பொத்தான் பற்றரி என்ற ஐயம் இருந்தால் உப்புநீரை ஒரு சொட்டும் விட வேண்டாம்: உப்புநீர் பட்டால் பற்றரியைச் சுற்றியுள்ள சவ்வு இன்னும் விரைவாக வெந்துபோகும், சில மணித்தியாலங்களில் மூக்கின் நடுச்சுவரே துளைபட்டுவிடலாம். விடியும்வரை காத்திராமல் பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.