கீமோ காலத்தில் முடியும் தோலும் நகமும்

பெரியம்மாவுக்கு முதல் கீமோ ஏற்றிய பதினேழாம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்து லயத்தை விட்டு வந்தபின் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில், கட்டிலில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். மார்பகப் புற்றுநோய் என்று சொன்ன நாளில் அழாதவர் அன்று அழுதார். "நோவு உள்ளுக்கு இருக்கு, யாருக்கும் தெரியாது. இது ஊருக்கே தெரியுமே பிள்ள" என்றார்.

"உயிரே பெருசு, முடி என்னா முடி" என்று ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடியில் தன் முகத்தைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போவது சின்ன வலி இல்லை. தலையில் என்ன நடக்கிறது என்று புரிந்தால் பயமாவது குறையும் என்று நினைத்து, அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

வாசலில் ஊதா நிறத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தே தொடங்கலாம். தோட்டத்து வீடுகளில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடி. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, தன் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துக் கொண்டுபோக நுண்ணிய இழைகளைக் கட்டும். இந்த மருந்து அந்த இழைகளைக் கட்டவிடாது. பாதியில் நின்றுபோன செல் செத்துவிடும். (இலையை அவித்துக் குடிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தச் செடியில் நஞ்சு இருக்கிறது. மருத்துவமனையில் கொடுப்பது சுத்திகரித்து, அளந்து கொடுக்கும் மருந்து.)

பெரியம்மாவுக்கு ஏற்றியது வேறு மருந்து. ஆனால் பெரும்பாலான கீமோ மருந்துகளின் குறி ஒன்றுதான்: வேகமாகப் பிரியும் செல். அது புற்றுநோய்ச் செல்லா, நல்ல செல்லா என்று மருந்துக்குப் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. நம் உடம்பில் வேகமாகப் பிரியும் நல்ல செல்கள் முடியின் வேர்க்குமிழிலும், வாயின் உட்புறத்திலும், குடலிலும், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையிலும் இருக்கின்றன. கீமோ எடுப்பவர்களுக்கு முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் பத்துக்கு ஒன்பது எந்நேரமும் வளர்ச்சி நிலையில் இருக்கும். மருந்து பட்டதும் வேர்க்குமிழில் வேலை நின்றுபோகிறது. முடி அந்த இடத்தில் மெலிந்து பலமிழக்கிறது. மெலிந்த பகுதி தோலுக்கு மேலே வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பதினேழாம் நாள் என்பது தற்செயல் இல்லை. எல்லாக் கீமோவும் முடியை உதிர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். சில மருந்துகளில் கொஞ்சம் மெலிவதோடு சரி.

"அப்போ வேரே செத்துப் போச்சா?" என்று கேட்டார். இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவருக்கு அதற்கான பதில் தெரியும். அவருக்கே தெரியாமல் தெரியும். ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வரும், சில வருஷத்தில் அதே இடத்தில் புதுப்பட்டையும் வளரும். கத்தி ஆழமாக இறங்கி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருக்கும் உயிருள்ள மெல்லிய அடுக்கைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அங்கே பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வரும், கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். முடியிலும் அப்படித்தான். வேர்க்குமிழுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், ஸ்டெம் செல்கள் என்னும் மூலச் செல்கள் ஒதுங்கி இருக்கின்றன. அவை எப்போதாவதுதான் பிரியும். வேகமாகப் பிரிவதைத் தேடும் மருந்து அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் போய்விடுகிறது. சிகிச்சை முடிந்ததும் அவை விழித்து, புதுக் குமிழைக் கட்டும். தலைக்கே அதிக அளவில் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும், அரிதாகச் சில மருந்துகளுக்குப் பிறகும் இது நடக்காமல் போகலாம். "அப்போ எனக்குக் காயம் இல்ல, வெட்டுதான்" என்றார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

உதிர்வதைக் குறைக்க ஒரு வழி உண்டு: தலையைக் குளிர வைக்கும் தொப்பி. மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டு, ஏறி முடிந்தபின் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வைத்திருப்பார்கள். குளிரில் தலைத்தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போகும் மருந்து குறையும். வேர்ச் செல்களின் வேகமும் தணியும். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்குப் போடவே மாட்டார்கள், ஏனென்றால் குளிர்ந்த இடத்தில் புற்றுச் செல்கள் மருந்துக்குத் தப்பிவிடலாம். பெரியம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

அதனால் மிச்ச முடியை நாங்களே எடுத்தோம், பிளேடு இல்லாமல் டிரிம்மரால். கீமோ ஏற்றி ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அப்போது பிளேடு கீறிய சின்ன வெட்டு வழியாகக்கூடக் கிருமி புகுந்துவிடும். பக்கத்துக் கடையில் பார்த்த ஒருவர் "கல்லுமலைக் கோயிலுக்கு நேர்த்திக்கடனா?" என்று கேட்டபோது பெரியம்மா "ஆமா, முருகனுக்கு" என்று சொல்லிவிட்டார். விக் சூட்டில் அரித்தது. கடைசியில் விடியற்காலையில் மரம் வெட்டப் போகும்போது கட்டுவாரே, அதே மாதிரி பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார். அதில்தான் அவர் முகம் பழைய முகமாக இருந்தது.

தோல் விஷயம் வேறு. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கீமோ அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது, எண்ணெய்ச் சுரப்பிகளும் சோர்ந்துபோகின்றன. மேல்தோலின் செல்கள் செங்கல் மாதிரி, நடுவிலுள்ள கொழுப்பு சிமெண்டு மாதிரி. சிமெண்டு குறைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியே வெயில், வார்டில் நாள் முழுக்க ஏர்கோன். தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? வாசனையில்லாத கெட்டியான கிரீமைக் குளித்த ஈரம் காயுமுன் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். மஞ்சள் பூசுவதை இந்தக் காலத்தில் நிறுத்தி வைப்பது நல்லது, மெலிந்த தோலில் எரியும். கதிர்வீச்சு படும் இடத்தில் அங்குள்ள தாதியர் சொல்வதைத் தவிர எதையும் தடவ வேண்டாம்.

சில மருந்துகளில் முகமும் கையும் நகமும் கறுக்கும். நம் நிறத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். நிறமிச் செல்கள் தூண்டப்படுவது ஒரு காரணமாக இருக்கலாம், அழுக்கு இல்லை. தேய்த்தால் போகாது, புண்தான் ஆகும். சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் மெதுவாக மங்கும். வெயிலில் போகும்போது குடையும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

பெரியம்மாவின் நகங்களில் குறுக்கே கோடுகள் விழுந்தன. எனக்கு அது வியப்பாக இருந்தது. ஒவ்வொரு கீமோவின்போதும் நக வேரின் வேலை சில நாள் நின்று மறுபடி தொடங்கியதன் தடம் அது. கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் வளரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து என்றால் கோட்டுக்குக் கோடு இரண்டு மில்லிமீட்டர். எத்தனை கீமோ ஆனது என்று நகத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

நகத்தை ஒட்டிய தோலை வெட்டக் கூடாது. நகப்பூச்சு பிடிக்கும் என்றால் ஒரு விரலையாவது வெறுமனே விட வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒளியை நகத்தின் வழியே செலுத்தித்தான் அளக்கிறது, அடர்ந்த நிறம் குறுக்கே நின்றால் கணக்கு தவறலாம்.

புருவ முடியின் வளர்ச்சிக் காலம் தலைமுடியைவிட மிகக் குறைவு. ஒரே நேரத்தில் வளர்ந்துகொண்டிருப்பவை கொஞ்சம்தான் என்பதால் அவை தாமதமாக உதிரும், சிலருக்கு உதிராமலும் இருக்கும். உதிருமுன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் பென்சிலால் அதே வடிவத்தை வரையலாம். நூலால் புருவம் எடுப்பது வேண்டாம். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டும். கண்மையும் பொட்டும் புதிதாக வாங்கி, தனக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கண்மைக் குச்சியை வீட்டில் எல்லோரும் பூசுவது நம் வழக்கம், அந்தச் சில மாதங்களுக்கு அதை விட்டுவிட வேண்டும். அப்புறம், 38 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கடைசிக் கீமோ முடிந்து ஆறாவது வாரம் பஞ்சு மாதிரி முடி எட்டிப் பார்த்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். வாழ்நாள் முழுக்க நேர்முடியாக இருந்தவருக்குச் சுருட்டையாக வந்தது, முன்னைவிட நரையாகவும். பலருக்கும் இப்படி நடக்கிறது, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. சாயம் பூசலாமா என்று கேட்டார். ஆறு மாதமாவது பொறுங்கள், பிறகும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள் என்றேன்.

ஆறு மாதமும் ஆனது. சாயம் வாங்கவில்லை. ஒரு சின்ன ஹேர்பின் வாங்கி, சுருட்டை முடியில் மல்லிகை இரண்டைச் செருகிக்கொண்டு கல்லுமலைக்குக் கிளம்பினார்.