கைப்பேசியில் எழுதிய பக்கம் கணினியில் காணாமல் போவது எப்படி?

கோப்புகளை இணையத்தில் வைத்து எல்லாச் சாதனங்களிலும் ஒரேபோல வைத்திருக்கும் டிராப்பாக்ஸ், ஐகிளவுட் போன்ற சேவைகளுக்கு நீங்கள் எழுதுவது கதையா, கட்டுரையா என்று தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது கோப்புகள் மட்டுமே. கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே எழுத்து சிதையும் சம்பவங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கணினியில் ஓடும் சிங்க் (ஒத்திசைவு) செயலி ஒரு சிறிய பதிவேடு வைத்திருக்கிறது. கடைசியாகச் சர்வருடன் (சேவையின் மையக் கணினியுடன்) ஒத்துப்போனபோது ஒவ்வொரு கோப்பும் எந்த நிலையில் இருந்தது என்பது அதில் இருக்கும். கோப்பின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணை வைத்துத்தான் இந்தக் கணக்கு நடக்கிறது. டிராப்பாக்ஸ், கோப்பை 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ-256 முறையில் ஹாஷ் கணக்கிடுகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தத் துண்டின் ஹாஷ் அடியோடு மாறிவிடும்.

இனி மூன்றையும் ஒப்பிட வேண்டியதுதான்: பதிவேட்டில் உள்ள பழைய நிலை, கணினியில் இப்போதுள்ள நிலை, சர்வரில் உள்ள நிலை. கணினியில் மட்டும் மாற்றம் என்றால் மேலேற்றும். சர்வரில் மட்டும் மாற்றம் என்றால் இறக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் எது சரி என்று செயலியால் முடிவு செய்ய இயலாது. நல்ல சேவை இரண்டையும் காப்பாற்றும். ஒன்றின் பெயரோடு ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ (மோதல் நகல்) என்ற ஒட்டு சேரும். கடைசியாகச் சேமித்ததே வெல்லும் என்ற விதியில் ஓடும் செயலிகளும் உண்டு. அவற்றில் ஒரு சாதனத்தின் கடிகாரம் தவறாக ஓடினால், காலையில் எழுதியது மாலையில் எழுதியதை அழித்துவிடும்.

கூகுள் டாக்ஸ் வேறு வகை. அது கோப்பை அனுப்புவதில்லை. ‘பத்தாவது இடத்தில் இந்தச் சொல்லைச் சேர்’ என்பதுபோல ஒவ்வொரு திருத்தத்தையும் அனுப்புகிறது. அதே நேரத்தில் கைப்பேசியில் மூன்றாவது இடத்தில் ஓர் எழுத்தை நீக்கியிருந்தால், பத்தை ஒன்பதாக்கிக்கொள்ளும். 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த முறையின் வழிவந்தது இது. சிறு கட்டுரைகளுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. நூற்றுக்கணக்கான காட்சிகள், குறிப்புகள், படங்கள் கொண்ட பெரிய நூலுக்குத்தான் ஸ்கிரிவனர் போன்ற எழுத்து மென்பொருள் தேவைப்படுகிறது, சிக்கலும் அங்கேதான்.

ஸ்கிரிவனர் திட்டம் (ஒரு நூலின் மொத்தத் தொகுப்பு) மேக் கணினியில் ஒற்றைக் கோப்புபோலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு ஃபோல்டர். விண்டோஸில் திறந்தால் நேராகவே பார்க்கலாம். ஒவ்வொரு காட்சிக்கும் 36 குறி நீளமான அடையாளப் பெயரில் ஒரு உள்ஃபோல்டர், அதற்குள் ஆர்.டி.எஃப் (சாய்வெழுத்து போன்ற அலங்காரங்களையும் காக்கும் கோப்பு வகை) வடிவில் உரை. சுருக்கத்துக்குத் தனிக் கோப்பு. எந்தக் காட்சி எந்த அத்தியாயத்தில், எந்த வரிசையில் வரும் என்பதெல்லாம் வேறொரு எக்ஸ்.எம்.எல் கோப்பில் இருக்கிறது. புதிய காட்சி ஒன்றைச் சேர்த்தவுடன் மடிக்கணினியை மூடிவிட்டால், வரிசைக் கோப்பு மேலேறியிருக்கலாம், உரைக் கோப்பு ஏறாமல் நின்றிருக்கலாம். கைப்பேசியில் தலைப்பு தெரியும், உள்ளே வெறுமை. ‘அழிந்துவிட்டது’ என்று பதறி அங்கேயே மறுபடி தட்டத் தொடங்கினால், அந்த நொடியில் மோதல் உருவாகிறது.

அதனால் ஒழுங்கு முக்கியம். கணினியில் எழுதி முடித்ததும் திட்டத்தை மூடுங்கள். டிராப்பாக்ஸ் குறி வேலை முடிந்ததைக் காட்டும்வரை மடிக்கணினியை உறங்க விடாதீர்கள். ஐபோனிலோ ஐபேடிலோ ஸ்கிரிவனரைத் திறந்து, திட்டத்துக்குள் போகும் முன்பே சிங்க் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். எழுதியபின் திட்டப் பட்டியலுக்குத் திரும்பி மறுபடி சிங்க் செய்யுங்கள். அது முடியும்வரை வேறு செயலிக்கு மாறாதீர்கள். பின்னணிக்குப் போன செயலியை ஐ.ஓ.எஸ் விரைவிலேயே உறையவைத்துவிடும், பாதி ஏறிய திட்டம் அப்படியே நிற்கும். கணினிக்குத் திரும்பும்போதும் இறக்கம் முடிந்தபிறகுதான் திட்டத்தைத் திறக்க வேண்டும். எழுதியதை இழந்த பலர் தவறவிட்டது இந்தக் கடைசிப் படியைத்தான்.

வட்டில் இடம் மிச்சப்படுத்தும் வசதி இன்னொரு பொறி. கோப்பின் பெயரை மட்டும் கணினியில் வைத்து, உள்ளடக்கத்தைச் சர்வரிலேயே விட்டுவிடும் அமைப்பு அது. இணையம் இல்லாதபோது அந்த உரை உங்கள் கையில் இருக்காது. எழுத்துத் திட்டங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டுமாவது ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வை’ என்பதுபோன்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு ஸ்கிரிவனர் இல்லை. கணினிப் பதிப்பின் ஃபைல் மெனுவில் வெளி ஃபோல்டருடன் ஒத்திசைக்கும் வசதி உண்டு. காட்சிகளை எளிய உரைக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் வைத்து, கைப்பேசியில் திருத்திய பின் திரும்ப எடுத்துக்கொள்ளும். சாய்வெழுத்து போன்ற அலங்காரங்கள் இதில் தொலையலாம், முதல் வரைவுக்கு அது பெரிய இழப்பில்லை. பின்னணியில் ஓடும் சிங்க் செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த சற்று நேரத்தில் ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவைக்கும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை சில. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (‘கி’யில் ‘க’வும் ‘ி’யும் தனித்தனிக் குறிகள்). ஆயிரம் சொல் ஏறக்குறைய 25 கிலோபைட். ஆர்.டி.எஃப் ஒவ்வொரு குறியையும் எண்ணாக எழுதுவதால் (‘அ’ என்றால் 2949) இது இரண்டு மடங்குக்கு மேல் போகும். அப்போதும் முழு நாவல் சில மெகாபைட்தான். சிங்க் மெதுவாக இருந்தால் காரணம் எழுத்தல்ல, ஆய்வுக் குறிப்பாகச் சேர்த்த படங்களும் பி.டி.எஃப்களும். அவற்றைத் திட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

கோப்புப் பெயர் தனி விவகாரம். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் பெயரின் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸ் முக்காற்புள்ளியையும் கேள்விக்குறியையும் ஏற்காது. ‘கொடி’ என்ற பெயரில் உள்ள ‘ொ’வை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் பதியலாம். பழைய மேக் வட்டு வடிவமான எச்.எஃப்.எஸ் பிளஸ் அதை எப்போதும் பிரித்தே பதியும். விண்டோஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். திட்டங்களின் பெயரை எண்களில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சிங்க் என்பது பேக்கப் அல்ல. கைப்பேசியில் அழித்தது கணினியிலும் அழியும். அதுவே அதன் வேலை. ஸ்கிரிவனர் திட்டத்தை மூடும்போது ஜிப் நகல் எடுக்கச் சொல்லி, நகல்களின் எண்ணிக்கையை 25 ஆக்கி, திட்டம் இருக்கும் இடத்திலிருந்து வேறிடத்தில் சேமியுங்கள். ஏதாவது கெட்டுவிட்டதாகத் தோன்றினால் எல்லாச் சாதனங்களிலும் எழுதுவதை நிறுத்தி, திட்ட ஃபோல்டர் முழுவதையும் சிங்க் பகுதிக்கு வெளியே நகலெடுங்கள். அந்த நகலில் ‘கான்ஃப்ளிக்டட்’ என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொரு உரையையும் நடப்பு உரையோடு ஒப்பிட்டபின்பே எதையும் நீக்குங்கள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் 30 நாள்வரை பழைய பதிப்புகள் இணையதளத்தில் இருக்கும்; அதற்குள் தேடினால் அழிந்த காட்சியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.