டெக்சாஸ் போனவர்களைத் தேடி வரும் கலிஃபோர்னியா நோட்டீஸ்

2025 ஆகஸ்டில் டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் என்னை வீடியோ காலில் அழைத்தார். மளிகைப் பை ஒன்றை கேமராவுக்கு முன்னால் கவிழ்த்தார். பதினோரு உறைகள், பெரும்பாலும் கலிஃபோர்னியா வரித் துறை அனுப்பியவை. அதில் பிரித்திருந்தவை மூன்றுதான். மற்றவற்றை மோசடிக் கடிதம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாராம். "நான் டெக்சாஸ்காரன் சார், இங்கே மாநில வருமான வரியே கிடையாதே!" முந்தின நாள் அவர் வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, வாடகைச் செக் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான் உறைகளைப் பிரித்திருக்கிறார்.

அவர் சொன்னதில் பாதி சரி. டெக்சாஸ், ஃப்ளோரிடா, நெவாடா, டென்னசி போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம் வரை போகும். ஆனால் எங்கே குடியிருக்கிறோம் என்பதோடு, அந்தப் பணத்தை எங்கே உழைத்துச் சம்பாதித்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் இடறுகிறார்கள்.

அவருக்கு 2020 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்தபோது, கம்பெனி ஆர்.எஸ்.யூ. கொடுத்தது, அதாவது வேலையில் தொடர்ந்தால் பின்னால் கைக்கு வரும் கம்பெனிப் பங்குகள். 2021 செப்டம்பர் கடைசியில் டெக்சாஸ் போனார். ஒரு பகுதிப் பங்குகள் 2022 மார்ச்சில் கைக்கு வந்தன. கொடுத்த நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை 24 மாதம், அதில் 18 மாதம் வேலை பார்த்தது கலிஃபோர்னியாவில். அப்படியானால் ஏறக்குறைய முக்கால் பங்கு கலிஃபோர்னியா வருமானம். பங்கின் மதிப்பு 40,000 டாலர் என்றால் 30,000 டாலர் அங்கே கணக்கில் வரும். சரியான கணக்கை வேலை நாட்களை எண்ணிப் போட வேண்டும், இது ஒரு மாதிரிக்குத்தான்.

கம்பெனி இதை ஒளிக்கவில்லை. கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில், 15ஆம் பெட்டியில் கலிஃபோர்னியா என்றும், 16இல் தொகையும், 17இல் பிடித்த வரியும் தெளிவாக அச்சாகியிருந்தன. மென்பொருளில் 'வசிக்கும் மாநிலம்: டெக்சாஸ்' என்று தட்டிவிட்டு, மாநில ரிட்டர்ன் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறார். டபிள்யூ-2 கையில் வந்ததும் கடைசி வரிசைப் பெட்டிகளைப் பாருங்கள். நீங்கள் குடியிருக்காத மாநிலத்தின் பெயர் அங்கே இருந்தால் அந்த மாநிலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவுக்கு என்றால் அது 540 என்.ஆர். படிவம்.

ரிட்டர்ன் வராவிட்டால், கலிஃபோர்னியாவின் வரித் துறையான ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு, சுருக்கமாக எஃப்.டி.பி., முதலில் ரிட்டர்ன் கேட்டு ஒரு கடிதம் போடும். பதில் இல்லையென்றால் கையில் இருக்கும் தகவலை வைத்து அதுவே ஒரு வரியைப் போட்டு நோட்டீஸ் அனுப்பும். அதை மறுக்க 60 நாள் உண்டு. மறுக்காவிட்டால் அது உறுதியாகிவிடும். உங்களுக்கு மனைவி, பிள்ளைகள் இருப்பது அதற்குத் தெரியாது, தனியாள் என்றே கணக்குப் போடும். தம்பி விஷயத்தில், கூட்டு ரிட்டர்னைப் போட்டுப் பார்த்தபோது 2022க்கான உண்மையான வரி நோட்டீஸில் இருந்ததில் பாதிகூட வரவில்லை. உறுதியான பிறகும் ரிட்டர்ன் போட்டுத் தொகையைத் திருத்த வைக்கலாம். ஆனால் அதற்குள் வங்கிக் கணக்கிலோ சம்பளத்திலோ கை வைத்துவிட்டால், வேலை இரட்டிப்பு.

அடுத்த வருடமும் இதே கதை என்றால் வலி வேறு மாதிரி. முந்தைய நான்கு வருடங்களுக்குள் ஒருமுறை இப்படிப் பதில் சொல்லாமல் விட்டு நோட்டீஸ் வாங்கியவர், மறுபடியும் கெடு வைத்துக் கேட்ட ரிட்டர்னைப் போடாவிட்டால் 25 சதவீத அபராதம். எதில் 25? பாக்கியில் இல்லை, அந்த வருடத்தின் மொத்த வரியில். சம்பளத்திலேயே முழு வரியும் பிடித்திருந்தாலும், ஒரு டாலர் பாக்கி இல்லாவிட்டாலும், இது விழும். என் அனுபவத்தில் இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். தம்பியும் அப்படித்தான்.

ரிட்டர்ன் போட்டாயிற்று, கட்டப் பணம் இல்லை என்பது வேறு சிக்கல், இதைவிட எளிது. கலிஃபோர்னியாவில் ரிட்டர்ன் போட அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு கிடைக்கும், ஆனால் பணம் கட்ட நீட்டிப்பு இல்லை. ஏப்ரல் 15 தாண்டினால் கட்டாத தொகையில் 5 சதவீதம் உடனே சேரும், அப்புறம் மாதத்துக்கு அரை சதவீதம். 10,000 டாலர் பாக்கி என்றால் எடுத்த எடுப்பில் 500, பிறகு மாதம் 50. தவிர, தினக் கூட்டு வட்டி தனி. அதனால் கையில் 3,000 இருந்தால் 3,000 கட்டுங்கள். 'முழுசாகச் சேர்த்துக்கொண்டு கட்டுகிறேன்' என்பது சீட்டு கட்டுகிறவர்களின் மனசு, வரிக்கு உதவாது.

பாக்கி 25,000 டாலருக்குள் இருந்து, ஐந்து வருடத்து ரிட்டர்ன்களும் ஒழுங்காகப் போட்டிருந்தால், 60 மாதம் வரை தவணை கேட்கலாம். கட்டணம் 34 டாலர், அது பாக்கியோடு சேரும். பெரும்பாலும் எஃப்.டி.பி. தளத்திலேயே விண்ணப்பித்துவிடலாம், எனக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நேரத்துக்கு ரிட்டர்ன் போடாததற்கும் பணம் கட்டாததற்கும் விழும் அபராதத்தை வாழ்நாளில் ஒருமுறை தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் 2022ஆம் வரி ஆண்டு முதல் இருக்கிறது. படிவம் எஃப்.டி.பி. 2918. வட்டி தள்ளுபடி ஆகாது. நான் மேலே சொன்ன 25 சதவீத அபராதமும் இதில் அடங்காது.

கட்டும்போது நடக்கிற இன்னொரு கூத்து. மத்திய அரசின் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் கட்டிவிட்டு மாநில பாக்கி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு கல்லா. எஃப்.டி.பி.யின் வெப் பே பக்கத்திலும் வருடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பணம் அந்த வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், இங்கே பாக்கி அப்படியே வளரும். கட்டிய உடனே உறுதி எண்ணைப் படம் பிடித்து வையுங்கள்.

கலிஃபோர்னியாவிலேயே இருப்பவர்களுக்கு ஒன்று. ஊரில் உள்ள என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே அமெரிக்க மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் உண்டு. சென்னை வீட்டு வாடகைக்கு இந்தியாவில் கட்டிய வரியை ஐ.ஆர்.எஸ். கழித்துக்கொள்ளும், கலிஃபோர்னியா கழிக்காது. எதிர்பாராத பாக்கி பலருக்கு இங்கிருந்துதான் வருகிறது.

குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில், கெடு தாண்டிய வரி பாக்கி உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மத்திய, மாநில, உள்ளூர் வரி எல்லாமே அதில் சேர்த்தி. தவணை ஒப்பந்தமும் ஒழுங்காகக் கட்டிவரும் ரசீதுகளும் கையில் இருந்தால் அந்த இடத்தில் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.

தம்பிக்கு 2022க்கும் 2023க்கும் ரிட்டர்ன் போட்டு, 2022க்கு 2918 அனுப்பினோம். மீதிக்குத் தவணை. அந்த 25 சதவீத அபராதம் மட்டும் நீங்கவில்லை. பையில் கடைசியாக மிஞ்சியது 2024இன் டபிள்யூ-2. 15ஆம் பெட்டியில் மறுபடியும் கலிஃபோர்னியா. அக்டோபர் 15க்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.