ஒரேயொரு பொதுத்தேர்தலைக் கண்ட தொகுதி

ஹட்டனில் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு, தேர்தல் நெருங்கினால் வழக்குக் கோப்புகளை விடப் பெயர்ப் பிரச்சினைகள்தான் அதிகம் வரும். பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை, இருந்தாலும் எழுத்து மாறிக் கிடக்கிறது, அடையாள அட்டையில் ஒன்று பிறப்பத்தாட்சியில் வேறொன்று. இப்படி ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். மடியில் பழைய பிஸ்கட் டின். அதற்குள் பொலித்தீன் பையில், நான்காக மடித்து, மடிப்பெல்லாம் செலோடேப் ஒட்டிய ஒரு தாள். அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

"மிஸ், இதை இன்னும் வச்சிருக்கணுமா? வீட்டுல தூக்கிப் போடச் சொல்றாங்க."

போடவே வேண்டாம் பாட்டி என்றேன். ஏன் என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான், ஒரேயொரு பொதுத்தேர்தலைக் கண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் கதையோடு இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1947 தேர்தலில், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா. கொட்டகலை, நாவலப்பிட்டி, பதுளை, அலுத்நுவர ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும். கொழுந்து பறித்த கைகள் போட்ட வாக்கு அது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜையாக இல்லாதவர் இடாப்பில் இருக்க முடியாது என்றார்கள். 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொகுதிகள் இருந்தன, லயன்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆட்கள் இருந்தார்கள், இடாப்பில்தான் அவர்களின் பெயர் இல்லை.

கேகாலை மாவட்டத்தில் கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் போனார். வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது அது எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். இந்தப் பாட்டியைப் போன்றவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தோல்வியின் கனம் புரிந்தது.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுப் பிரஜையாகலாம் என்றார்கள். திருமணமானவர் என்றால் 1946 ஜனவரிக்கு முன் ஏழு வருடம், ஆகாதவர் என்றால் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தவிர வேறு எழுத்தே இல்லாத தோட்டத்தில் எதைக் காட்டுவது? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பாட்டியின் டின்னில் இருந்தது அப்படிக் கிடைத்த ஒரு தாள்.

சரி, தொகுதிக் கதைக்கு வருகிறேன். 1976 எல்லை நிர்ணயத்தில் நுவரெலியா–மஸ்கெலியா என்று ஒரு தொகுதி உருவானது. மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தொகுதி. நாட்டில் அப்படி இரண்டுதான் இருந்தன, மற்றது மத்திய கொழும்பு. 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலாவதாகவும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அனுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான் மூன்றாவதாகவும் வந்தார்கள்.

மூன்றாம் இடம்தானே என்று சிலர் லேசாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 1947க்குப் பிறகு முப்பது வருடம் கழித்து, மலையகத் தமிழ் வாக்குகளின் பலத்தில் ஒருவர் பாராளுமன்றம் போன இடம் அது. இடையில் 1960, 1965இல் தொண்டமானும் 1970இல் அப்துல் அசீஸும் போனார்கள், ஆனால் நியமன உறுப்பினர்களாக. 1977இலும் நாடற்றவர்களாக இருந்தவர்கள் ஏராளம், அவர்களுக்கு வாக்கில்லை. ஓர் உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அந்த மூன்றாம் இடம் தோல்விதான். ஓர் எல்லைக்கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் ஒரு சமூகத்தின் குரல் தங்கியிருந்தது.

அந்தத் தொகுதி அப்புறம் இன்னொரு பொதுத்தேர்தலில் தனியாக ஆள் அனுப்பவில்லை. 1978 அரசியலமைப்பு, கட்சிகள் பெறும் வாக்குக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டினார்கள். 1989இல் வாக்களித்தபோது நுவரெலியா மாவட்டமே ஒரே தேர்தல் மாவட்டம். நுவரெலியா–மஸ்கெலியா இப்போது கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனையோடு சேர்ந்து அதன் நான்கு பிரிவுகளில் ஒன்று. நாடற்றவர் பிரச்சினை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், முழுமையாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பேரன், "எனக்கு ஐடென்டிட்டி இருக்கே மிஸ், இனி என்ன பயம்?" என்றான். சரி பார்ப்போம் என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அவனுடைய அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டேன். பெயர் இல்லை. கொழும்பில் கடை வேலை. கடைக்காரர் எழுதிக் கொடுப்பார் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள், வீட்டில் எழுதுவார்கள் என்று கடையில் நினைத்திருக்கிறார்கள். பையன் இரண்டு இடத்திலும் இல்லை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. டின்னை மூடி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என்னிடம் வரும் பத்தில் பாதிக் கதை இதுதான். அடையாள அட்டை இருப்பது வேறு, இடாப்பில் பெயர் இருப்பது வேறு. இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் வழியாக வரும் படிவத்தில் வீட்டில் யார் யார் என்று எழுதும்போது, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளையை எங்கே பதிவது என்று அன்றைக்கே பேசி முடியுங்கள். ஓர் இடத்தில்தான் பதியலாம். பதினெட்டு நிரம்பியவர்களைத் தவறாமல் எழுதுங்கள். லயன் இலக்கம், டிவிஷன் பெயர் இரண்டையும் தெளிவாகப் போடுங்கள். ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருப்பார்கள். திருத்தப் பட்டியலைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் அப்போதே கோரிக்கை கொடுக்கலாம். வாக்களிப்பு தினத்தன்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டால் மட்டும் கவலை வேண்டாம். பெயர் இடாப்பில் இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம்.

பேரனுக்கு அந்த வருடம் நேரம் இருந்தது. பாட்டியின் லயன் முகவரியிலேயே கோரிக்கை போட்டோம். படிவத்தை நிரப்பி முடித்ததும் பாட்டி அதை வாங்கி, பேரனின் பெயரைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை வாசித்தேன்.