வீட்டுப் பராமரிப்புச் சேவை: தரத்தை எப்படி அளப்பது, குறை இருந்தால் எங்கே போவது

இலங்கைச் சட்டப்படி 60 வயதானவர் முதியோர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்தவுடன் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. திருகோணமலை மாவட்டத்து உவர்மலையிலோ கிண்ணியாவிலோ தாயை ஒரு பராமரிப்பாளரிடம் விட்டுக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள், காசுக்குரிய சேவை கிடைக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

ஆள் எடுக்கும்போது காட்டப்படும் கடதாசிகளை அளவோடு நம்புங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு, அந்தப் பெயரில் ஒரு வியாபாரம் நடக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. பராமரிப்பாளரின் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைக் கேட்பது இதைவிடப் பயனுள்ளது. அதையும் மூலப் பிரதியில் பாருங்கள், அடையாள அட்டைப் பெயரோடு ஒப்பிடுங்கள். ஆனால் சான்றிதழ் இருப்பவரும் கவனமில்லாமல் பார்க்கலாம். தரம் தெரிவது, பராமரிப்பாளர் நாளாந்தம் செய்ததை வீட்டில் எழுதிவைக்கும் கொப்பியில்தான்.

முதலில் என்ன வேலை, எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதி இருபக்கமும் கையொப்பமிடுங்கள். இது இல்லாமல் எதையும் அளக்க முடியாது. சலக்குழாய் மாற்றுவதும் ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுவதும் தாதியின் வேலை. பராமரிப்பாளர் செய்யக்கூடாதவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். நோன்பு பிடிக்கும் வீடுகளில், சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு மாற்றிய நேரங்கள் அதில் இருக்க வேண்டும்.

வருகைக் கணக்கு இலகு. மாதத்தில் 26 நாள் வரவேண்டியவர் 24 நாள் வந்தால் தவறியது 2, நூற்றுக்கு ஏறக்குறைய 8. பதிலுக்கு வேறு ஆள் வந்த நாட்களைத் தனியாக எழுதுங்கள். பாரிசவாதம் வந்தவரை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. விழுத்துவதும் தோளை இழுத்து நோகப்பண்ணுவதும் அப்படியான நாட்களில்தான் எளிதில் நடக்கும். ஒரே மாதத்தில் மூன்று நான்கு முகங்கள் மாறினால், ஒரு நாளும் தவறாவிட்டாலும் அது நல்ல சேவை அல்ல.

மருந்துக்குக் கொப்பியில் போட்ட சரி அடையாளங்களை மட்டும் பார்க்காதீர்கள், குளிசையை எண்ணுங்கள். 30 குளிசை, நாளுக்கு 2 என்றால் பத்து நாள் முடிவில் 10 மிஞ்ச வேண்டும். 14 இருந்தால் நான்கு வேளை தவறியிருக்கிறது. ஒரே பேனையால், ஒரே சாய்வில் ஒரு கிழமைக்குரிய அடையாளங்கள் இருந்தால் அவை ஒரே இருப்பில் போட்டவையாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் உண்மையைச் சொல்வது தோல். படுக்கையில் இருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பின் இரு பக்கம், குதிக்கால், தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும்; வெளிறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, அதனால் பல வீடுகளில் தோல் உரிந்த பிறகே கண்டுபிடிக்கிறார்கள். சூடு, கல்லுப்போன்ற இறுக்கம், தொட்டால் நோவு, சுற்றுத் தோலைவிடக் கருமை ஆகியவற்றைக் கையால் தேடுங்கள். திருப்பிப் படுக்கவைத்த நேரமும் எந்தப் பக்கம் என்பதும் கொப்பியில் வேண்டும். பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, தோலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஈரமான பம்பர்ஸ் மணிக்கணக்கில் கிடந்தால், திருப்பியும் பயனில்லை.

நிறையை மாதம் ஒருமுறை ஒரே தராசில் பாருங்கள். 60 கிலோ உள்ளவர் முயற்சி எதுவுமின்றி ஒரு மாதத்தில் 3 கிலோ, அதாவது நூற்றுக்கு 5 குறைந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். நிற்க முடியாதவருக்கு ஒரே மேற்கையின் நடுவில் நாடாவால் சுற்றளவு எடுக்கலாம்.

குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், சாப்பிடுதல் ஆகிய ஆறில் எத்தனையை அவரே செய்கிறார் என்று எண்ணுங்கள். இது காட்ஸ் அளவுகோல், 1963 இல் வெளியானது. எண் குறைந்தால் உடனே பராமரிப்பாளரைக் குற்றம் சொல்ல வேண்டாம். பார்க்கின்சன் போன்ற வருத்தங்களில் அது தானாகவே குறையும். ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஊட்டிவிடுபவரிடமும் அது குறையும். அது அன்பல்ல, கைகளைப் பழக்கமில்லாமல் ஆக்குவது.

விழுதல்களையும் விழப்போய்த் தப்பியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்குச் சம்பளத்தில் வெட்டினால் அடுத்த மாதம் கொப்பி சுத்தமாக இருக்கும், முழங்காலில் கண்டல் இருக்கும்.

கடைசியாக, பராமரிக்கப்படுபவரின் வாய்ச்சொல். பராமரிப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது, “நல்லாப் பாக்கிறாவோ அம்மா?” என்றால் “நல்ல பிள்ளை” என்றுதான் வரும், நாளைக்குத் தண்ணீர் தரப்போவது அவர்தானே. தனியாக இருக்கும்போது நடந்ததைக் கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்குக் குளித்தீர்கள்? இரவில் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? மறதி வருத்தம் உள்ளவரால் பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம். அவரைக் கழுவித் துடைக்கும் நேரத்தில் முகத்தையும் கையையும் கவனியுங்கள்.

குறை கண்டால் திகதியோடு எழுத்தில், ஆளை அனுப்பிய நிறுவனத்துக்குக் கொடுங்கள். தீராவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பட்டினமும் சூழலும் முதல் மூதூர், வெருகல் வரை திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உள்ளன. நிறுவனம் ஊடாகக் காசு கொடுத்துப் பெற்ற சேவை என்றால், சேவை பெற்று 3 மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் முறையிடலாம். அடித்த காயம், திருட்டு, பூட்டி வைத்தல் என்றால் நேரே பொலிஸ்; உயிராபத்து என்றால் முதலில் 1990 அம்புலன்ஸ். எங்கே போனாலும் கொப்பியின் பிரதியைக் கொடுங்கள், மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும்.