பெரிய ராணுவ முதுகுப்பைகள்: வாங்கும் முன் இடுப்புப் பட்டையைப் பாருங்கள்

சிகிச்சைக்கு வந்த இளைஞர் ஒருவரை, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொன்னேன். இடப்பக்கம் இயல்பாக இருக்க, வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் முதுகை விட்டுப் பிரிந்து இறக்கை போலத் துருத்திக்கொண்டு வந்தது. வலி என்று அவர் பெரிதாக எதையும் சொல்லவில்லை. சட்டை மாட்டும்போது கை மேலே எழவில்லை என்பதுதான் அவருடைய குறை. மூன்று நாள் மலைப்பயணத்தில், ராணுவம் கழித்த உபரிச் சரக்காக வாங்கிய ஒரு பெரிய பையில் ஏறத்தாழ 30 கிலோவைச் சுமந்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது அந்தப் பையையும் எடுத்துவரச் சொன்னேன். இடுப்புப் பட்டை அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. "அது இல்லாமலே தூக்கலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

முதுகுப்பைச் சுமையால் நரம்பு தளரும் இந்தப் பாதிப்பை ரக்சாக் வாதம் என்று ராணுவ மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். தோள் வார்கள் காறை எலும்புப் பகுதியை மணிக்கணக்கில் அழுத்தும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலின் மேல்பகுதியும், சில வேளைகளில் தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடித்திருக்கும் தசைக்கான நரம்பும் நசுங்கி இழுபடுகின்றன. மரத்துப்போதல், கை தளர்தல், தோள்பட்டை எலும்பு துருத்துதல் ஆகியவை அதன் விளைவுகள். பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடுகிறார்கள். சிலருக்குப் பலவீனம் நீண்ட காலம் தங்கிவிடுகிறது. சட்டகமும் இடுப்புப் பட்டையும் உள்ள பைகளில் இது குறைகிறது. ஆகவே பைகளை ஒப்பிடும்போது, எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதற்கு முன்பாக, எடை எந்த எலும்பில் இறங்குகிறது என்பதையே நான் கேட்பேன்.

அமெரிக்க ராணுவம் 1973இல் ஏற்றுக்கொண்ட ஆலிஸ் பை இன்றும் பலர் முதுகில் காணப்படுகிறது. அதன் பெரிய அளவு 60 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். அலுமினியக் குழாய்ச் சட்டகம் எளிதில் உடையாது. பையை முதுகிலிருந்து விலக்கி வைப்பதால் காற்றும் ஓடும். ஆனால் அந்த விலகலே எடையைப் பின்னுக்குத் தள்ளி, சுமப்பவரை முன்னால் குனிய வைக்கிறது. சட்டகம் ஒரே அளவில் வருவதால் உயரமானவர்களுக்கு அதன் அடிப்பட்டை இடுப்பெலும்பை எட்டாமல் கீழ்முதுகிலேயே அழுத்திக்கொண்டு நிற்கும். இடுப்பைச் சுற்றும் வாரோ மெல்லியது. நடுத்தர அளவுப் பையைச் சட்டகம் இல்லாமலும் சுமக்கலாம். பெரியதைச் சட்டகத்தோடு மட்டுமே சுமக்க வேண்டும். பழைய சட்டகத்தில் பிற்காலத்துத் தடித்த இடுப்புப் பட்டையைப் பொருத்திக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது நல்ல மாற்றமே.

1990களின் பிற்பகுதியில் அதற்கு மாற்றாக வந்த மாலி பையில் சட்டகம் நெகிழி. முதலில் வந்த சட்டகங்கள் உடைந்ததால் வடிவமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும் திருத்திய வடிவத்தில், தோள் வார்களின் உயரத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. இடுப்புப் பட்டையும் பஞ்சு வைத்துத் தடிமனாக இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் ராணுவப் பைகளில், சராசரி உடலமைப்பு உள்ளவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பழைய சரக்கை வாங்குவோர் சட்டகத்தில் கீறல் உண்டா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மரைன் படையின் ஐஎல்பிஇ பையின் கதை சுவையானது. உட்சட்டகம் கொண்ட அந்தப் பை, மலையேற்றப் பைகளின் வழியில் வடிவமைக்கப்பட்டு 2000களின் நடுவில் வழங்கப்பட்டது. குண்டு துளைக்காத கவசத்தின் மேல் அது சரியாக உட்காரவில்லை என்ற புகார் தொடர்ந்ததால், சில ஆண்டுகளிலேயே வெளிச்சட்டகம் கொண்ட வேறொரு பை அதன் இடத்துக்கு வந்தது. கவசம் அணியாத நமக்கு அந்தக் குறை பொருந்தாது. படை கைவிட்ட பை, மலையேறுபவரின் இடுப்பில் ஒழுங்காக உட்காரக்கூடும்.

பிரிட்டிஷ் படையின் பெர்கன் பை இதற்கு நேரெதிர். நார்வேயின் பெர்கான்ஸ் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. பக்கப் பைகளுடன் 120 லிட்டர் வரை கொள்ளும் அந்தப் பை, சிப்பாயின் இடைவாரில் தொங்கும் சிறு பைகளின் மேல் உட்காரும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் அதன் இடுப்புப் பட்டை பெயரளவுக்கே இருக்கிறது. இடைவார்ப் பைகள் இல்லாத ஒருவர் அதை நிரப்பித் தூக்கினால் எடை முழுவதும் தோளில் விழும். துணியின் உறுதியைப் பார்த்து மயங்கி அதை வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பக்கப் பைகளைக் கழற்றி இணைத்துச் சிறு முதுகுப்பையாகப் பயன்படுத்தலாம் என்பது மட்டும் எனக்கும் பிடித்த ஏற்பாடு.

கொள்ளளவில் இன்னொரு ஆபத்து உண்டு. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். இந்தப் பைகள் காலியாகவே 3 கிலோ அளவுக்கு எடையுள்ளவை. போரிடும்போது சுமப்பது சுமார் 22 கிலோவும், களத்தை நோக்கி நடக்கும்போது சுமக்கும் அணிவகுப்புச் சுமை சுமார் 33 கிலோவும் இருக்கலாம் என்று அமெரிக்க ராணுவத்தின் 1990ஆம் ஆண்டுக் கையேடு வரையறுத்தது. 2003இல் ஆப்கானிஸ்தானில் எடுத்த அளவீட்டிலோ அணிவகுப்புச் சுமையின் சராசரி 45 கிலோவைத் தாண்டியிருந்தது. பயிற்சி பெற்ற படையினரின் மூட்டுகளையே சிதைக்கும் அந்த எடையை, ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுபவர் பின்பற்ற வேண்டியதில்லை. உடல் எடையில் கால் பங்குக்கு மேல் தொடங்க வேண்டாம் என்பதே என்னிடம் வருவோருக்கு நான் சொல்லும் எல்லை.

முதுகின் நீளத்தை அளப்பது எளிது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் முள்ளெலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக முதுகெலும்பு வரை உள்ள தூரமே அந்த அளவு. இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி அந்த விளிம்பின் மேல் அமர வேண்டும். கீழே இறங்கி இறுக்கினால் தொடையின் வெளிப்பக்கத்துக்குச் செல்லும் தோல் நரம்பு அழுந்தி, அங்கே எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். கனமான பொருள்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். சமதளத்தில் சற்று உயரமாகவும், கரடுமுரடான பாதையில் சற்றுத் தாழ்வாகவும் வைத்தால் தடுமாற்றம் குறையும்.

பை வாங்கும் இடத்தில் காலிப் பையை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதால் எதுவும் தெரியாது. 15 கிலோ எடையை உள்ளே வைத்து, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கிய பின்னரே தோள் வார்களை இழுங்கள். அரை மணி நேரம் நடந்துவிட்டுத் தோள் வார்களைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். பை நழுவாமல் இடுப்பிலேயே நின்றால் அது உங்கள் அளவு. விரல் நுனிகள் மரத்திருந்தாலோ, கையை உயர்த்தும்போது ஒரு பக்கம் பின்தங்கினாலோ பையை இறக்கிவிட வேண்டும். அந்தத் தளர்ச்சி மறுநாளும் நீடித்தால், கை பழைய நிலைக்குத் திரும்பும்வரை எந்தப் பையையும் அந்தத் தோளில் மாட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.