மேல போனா குளிரும், இன்னும் மேல போனா சூடாகும்

கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்துல இருக்கு, சூரியனுக்கு அவ்ளோ கிட்ட போயும் ஏன் குளிருது? வெயில் காத்தை நேரடியா பெருசா சூடாக்குறதில்ல, அது காத்தைத் தாண்டி வந்து தரையை சூடாக்குது, தரை காத்தை சூடாக்குது, சூடான காத்து மேல ஏறுது, மேல அழுத்தம் கம்மிங்கறதால விரியுது, விரிஞ்சா குளிர்ந்துடும். சராசரியா கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். இந்த அடுக்குதான் ட்ரோபோஸ்பியர். மழை, புயல், இடி எல்லாம் இதுக்குள்ளதான்.

துருவத்துல இது 8, 9 கிலோமீட்டர்லயே முடிஞ்சிடும், நம்ம பக்கம் 16, 17 வரைக்கும் போகும். அதனால ஒரு வேடிக்கை: இதோட உச்சியில நம்ம தலைக்கு மேல மைனஸ் 80 டிகிரி கிட்ட இருக்கும், துருவத்துல கூட பொதுவா அவ்ளோ குளிர் இருக்காது.

அப்போ மேல போகப் போக குளிர்ந்துட்டே போகும்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க. பிரான்ஸ்ல தெஸ்ரன் து போர்னு ஒருத்தர் 200க்கு மேல பலூன் விட்டுப் பாத்தாரு, 11 கிலோமீட்டர் வாக்குல வெப்பநிலை இறங்குறது நின்னுடுச்சு. வெயில் பட்டு கருவி தப்பா காட்டுதோன்னு சந்தேகப்பட்டு ராத்திரியிலயும் விட்டாரு, அப்பவும் அதேதான். 1902ல அறிவிச்சாரு. அதுதான் ஸ்ட்ரடோஸ்பியர்.

அங்க ஓசோன் அல்ட்ரா வயலட் கதிரை உறிஞ்சி சூடாகுது, 50 கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 0 டிகிரிக்கே வந்துடும். கீழ குளிர், மேல சூடு, அதனால காத்து மேலயும் கீழயும் புரளாது. பெரிய இடிமேகம் அந்த எல்லைல முட்டி தட்டையா பரவுறது இதனாலதான். 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாட்டுபோ எரிமலை வெடிச்சப்போ கந்தக வாயு இங்க வந்து மாட்டிக்கிச்சு, கழுவிவிட மழையும் கிடையாது, அதுல உண்டான துளிங்க ரெண்டு வருஷம் வரை மிதந்து வெயிலை மறைச்சு உலகத்தோட சராசரி வெப்பநிலையையே அரை டிகிரி கிட்ட குறைச்சிடுச்சு!

அதுக்கு மேல மீசோஸ்பியர், 85 கிலோமீட்டர் வரைக்கும், திரும்பவும் குளிர், மைனஸ் 90. விண்கல் எரியறது பெரும்பாலும் இங்கதான். பலூன் இவ்ளோ உயரம் போகாது, சேட்டிலைட் இவ்ளோ தாழ்வா சுத்த முடியாது, அதனால ராக்கெட் விட்டாதான் நேர்ல அளக்க முடியும்.

அடுத்து தெர்மோஸ்பியர், 1000 டிகிரிக்கு மேல கூட போகும், ஆனா காத்து ரொம்ப மெலிசு, உடம்புல சூடு உறைக்காது. 1963 நவம்பர் 21ல கேரளாவுல இருக்குற தும்பாவுல இருந்து விட்ட முதல் ராக்கெட் சோடியம் ஆவியைக் கக்கினது இங்கதான், அந்த ஆவி நகர்றத வச்சு அங்க அடிக்கிற காத்தைப் படிச்சாங்க. 400 கிலோமீட்டர்ல சுத்துற விண்வெளி நிலையத்தைக் கூட அந்த மெலிசான காத்து உரசி கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கிட்டே இருக்கு, அப்பப்போ இன்ஜினைப் போட்டு மேல தள்ளிவிடுறாங்க.